கதவுக்குப் பின்னால் நிற்கும் டியூப் லைட்

(நகராட்சி ஒன்றின் கிளை நூலக வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மாதக் கூட்டத்தில் பேச என்னை அழைத்தபோது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். குப்பையைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் குப்பையை எடுப்பவர்களும் இருக்க வேண்டும், நான் முடித்ததும் அவர்களில் ஒருவர் பேச வேண்டும் என்றேன். நிர்வாகிகள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். காலை மஸ்டரில் கையெழுத்துப் போட்டுத் தெருவுக்கு இறங்கியவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு இங்கே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அதற்காகவே நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னாலோ, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலோ, மாடிப்படிக்கு அடியிலோ எரியாத டியூப் லைட் ஒன்றாவது நிற்கிறதா? இருந்தால் கை தூக்குங்கள். (அரங்கில் பெரும்பாலானோர் கை தூக்குகிறார்கள்.)

நன்றி. கையை இறக்கலாம். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒலிபெருக்கியில் ஒரே வாசகத்தைச் சொல்லிவந்தேன்: “பொதுமக்களிடம் விழிப்புணர்வு இல்லை.” இன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இத்தனை கைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எரியாத ஒரு குழல் விளக்கை நான்கு வருடம் உடையாமல் காப்பாற்றி, வீடு மாறும்போது அதையும் தட்டுமுட்டுச் சாமானோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு விழிப்புணர்வில் என்ன குறை? குப்பை வண்டியில் போட உங்களுக்கு மனம் வரவில்லை. யார் கையையாவது கிழிக்கும், உள்ளே ஏதோ விஷம் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. உங்களிடம் இல்லாதது ஒரு முகவரி மட்டும்தான். இந்தக் கிழமை, இந்த நேரம், இந்த இடத்தில் கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று நகராட்சி எழுதி வைத்த ஒரு பலகை. அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்றால் என்னென்ன? டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், டார்ச் லைட் கட்டை, ரிமோட்டில் போடும் செல், உப்பிப்போன செல்போன் பேட்டரி, காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி, புண்ணுக்குக் கட்டிய பஞ்சு, பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில், கழிப்பறை ஆசிட். அவ்வளவுதான். ஒரு குடும்பம் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும் என்பது என் அனுபவக் கணக்கு. காய்கறித் தோலும் பிளாஸ்டிக் கவரும்போலத் தினமும் மலைமலையாக வருவதில்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதே காரணத்தால், நகர நிர்வாகம் மனம் வைத்தால் எல்லாக் குப்பையையும்விட எளிதாகச் சமாளிக்கக்கூடியதும் இதுதான் என்பேன்.

எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்த நாளைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் அப்போது ஒரு நகராட்சியில் இருந்தேன். காலை ஏழரை மணி இருக்கும். தள்ளுவண்டியில் குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, முடிச்சுப் போட்ட கேரி பேக் ஒன்றைப் பிரிக்கக் கையை உள்ளே விட்டார். சட்டென்று கையை இழுத்து உதறினார். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். பைக்குள் மூடி கழன்ற இன்சுலின் ஊசிகள் ஏழெட்டு கிடந்தன. “ஒண்ணும் இல்ல சார், முள்ளு குத்தின மாதிரிதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளப் பார்த்தார். வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “யாருக்குப் போட்ட ஊசி?” எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. கடைசிவரை எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் தன் வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டார், பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. ஊசி வழியாக வரக்கூடிய கிருமிகள் தட்டாலும் தொடுவதாலும் பரவாது என்று மருத்துவர் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். பயம் கேட்கவில்லை.

மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி, உலர்ந்த ரத்தத்தில் உடம்புக்கு வெளியேகூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சி வகைக்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லை. ஒரு கேரி பேக் முடிச்சுக்குள் இத்தனையும் இருக்கின்றன.

அந்த ஊசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நானே தேடிப் போனேன், சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவர் எழுபது வயதுப் பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இருபது வருடமாகச் சர்க்கரை நோயாளி. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பின்னே இதை எங்க சார் போடறது?”

என்னிடம் பதில் இல்லை. முத்திரை, நோட்டீஸ், அபராதப் புத்தகம் எல்லாம் பையில் இருந்தன. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

சட்டத்தில் பதில் இல்லாமலில்லை. 2016 ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. நான் சொன்ன பட்டியல் ஏறக்குறைய அப்படியே அந்த விதியில் இருக்கிறது. பிரிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, அதற்குக் குறைவான பரப்பாக இருந்தாலும் ஒன்று என்று அபாயக் கழிவுக்கான ஒப்படைப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு திறக்க வேண்டும், எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை வாங்கும் என்று அறிவிக்க வேண்டும், வாங்கியதைப் பத்திரமாக அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். விதிப்படி கணக்குப் போட்டால் 22 மையங்கள். நம்மைப் போன்ற ஊருக்கு ஒன்று போதும். இப்போது இரண்டாவது கேள்வி. நம் ஊரில் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (யாரும் கை தூக்கவில்லை.)

வீடுவீடாக வந்து மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காத குப்பைக்கு ஒரு தொட்டி என்று சொல்லிக்கொடுத்தோம். பரப்புரையாளர்களை அனுப்பினோம், பேட்டரி வண்டி வாங்கினோம், நுண்ணுரக் கூடம் கட்டினோம். நல்ல வேலைகள்தான், நானே முன்னின்று செய்தவை. மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டோம். இப்போது 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, நான்காவதாகத் தனிக் கவனம் வேண்டிய கழிவு. நம் டியூப் லைட்டும் மாத்திரையும் அந்த நான்காவதில் வருகின்றன. பெயர் மாறியிருக்கிறது. கொடுக்கும் இடம் வந்தால்தான் பெயருக்கு அர்த்தம் வரும்.

டியூப் லைட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கலாம். உள்ளே பாதரசம் இருக்கிறது. ஒரு சி.எஃப்.எல். பல்பில் சுமார் 5 மில்லிகிராம் வரை, பழைய டியூப் லைட்டில் அதைவிடக் கூடுதலாக. கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை கிராமுக்கு மேல், அதாவது நூறு பல்புகளில் இருப்பது ஒரு தெர்மாமீட்டரில். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஒரு பல்பு உடைந்ததால் யாரும் செத்துப்போவதில்லை, பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் தெருத் தெருவாகச் சேர்த்த டியூப் லைட்டுகள் தள்ளுவண்டிக்குள் நீளத்தால் அடங்காமல் நிற்கும்போது, அவற்றைக் காலால் மிதித்து உடைத்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு நாளும் குனிந்து நின்று அந்தக் காற்றை மூச்சில் வாங்குபவர்களை நினைத்துப் பாருங்கள்.

பிறகு அது உரக்கிடங்குக்குப் போகிறது. நம் பக்கத்து நகராட்சிகளில் குப்பை மேட்டுக்கு இன்னும் உரக்கிடங்கு என்றுதான் பெயர். ஒரு காலத்தில் அங்கே உண்மையிலேயே உரம் தயாரித்தார்கள். மழைத் தண்ணீரோடு பாதரசம் இறங்கி நீர்நிலைக்குப் போனால், சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சின்ன மீனுக்குள் போகிறது, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் பல மடங்கு சேர்கிறது, கடைசியில் குழம்புச் சட்டிக்கு வருகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய் அப்படி வந்ததுதான். அங்கே காரணம் ஒரு தொழிற்சாலை, வீட்டு பல்பு இல்லை. ஆனாலும் பாதரசம் நடக்கும் வழி ஒன்றேதான். அந்த ஊரின் பெயரிலேயே உலக நாடுகள் 2013-இல் ஓர் உடன்படிக்கை செய்தன, இந்தியா 2018-இல் அதை ஏற்றது. சென்னையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பறவைகள் மீன் பிடிக்கிற அதே தண்ணீர்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கடையில் வாங்கியது தனி. எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை, நல்ல மாற்றம். ஆனால் புதியதை மாட்டும்போது கழற்றிய பழைய சி.எஃப்.எல்.களும் குழல் விளக்குகளும் எங்கே போயின? ஒரு பகுதி உரக்கிடங்குக்குப் போய்விட்டது. மீதி உங்கள் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. இன்னும் சில வருடங்களில் எல்லாமே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு மையம் திறந்தால் அது காலியாகத்தான் இருக்கும்.

‘ஏன் சார், பழைய இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வாரே’ என்று கேட்பீர்கள். என் சின்ன வயதில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவார்கள், நாங்கள் ஓட்டைப் பாத்திரத்தோடு ஓடுவோம். அந்த வண்டிக்காரர்களும் காயலான் கடைக்காரர்களும் இந்த நாட்டுக்குச் செய்திருக்கும் தொண்டை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். விலை உள்ளது எதையும் அவர்கள் வீணாக விடுவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். அதில் ஈயம் இருக்கிறது, ஆபத்தானதுதான். ஆனால் குப்பைத் தொட்டியில் என்றைக்காவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? புது பேட்டரி வாங்கும்போது பழையதற்குக் கடைக்காரர் விலை கழிக்கிறார், அதனால் அது தானாகத் திரும்பிப் போகிறது. ரிமோட் செல்லுக்கு யார் காசு கொடுப்பார்? மாத்திரை அட்டைக்கு? டியூப் லைட்டுக்கு? விலை போகாத இடத்தில் வியாபாரி வரமாட்டார், அது அவர் குற்றமில்லை. குடிதண்ணீரும் தெருவிளக்கும் சாக்கடையும் எப்படி நகராட்சியின் வேலை ஆயினவோ அப்படித்தான் இதுவும் ஆக வேண்டும்.

விலை இருந்தாலும் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும் என்றில்லை. செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்ததை ஊர் மக்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணாடிக்கு விலை இருந்தது, கடைக்காரர் வாங்கினார். அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது, மண்ணில் கலந்த பாதரசத்தைப் பற்றிய வழக்கும் வாதமும் பல வருடம் நடந்தன.

இனி நம்பிக்கையான செய்திக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் சென்னையில் என்ன நடக்கிறது தெரியுமா? வெடித்த பட்டாசுக் குப்பையை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் அள்ளுகிறார்கள். வார்டு வாரியாகத் தனி வண்டியில் ஏற்றுகிறார்கள். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குக் கொண்டுபோகாமல் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே சிப்காட் வளாகத்தில், தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளை அழிப்பதற்கான நிலையம் இருக்கிறது. அடியில் நீர் இறங்காத தாள் விரித்த குழி, எரிப்பு உலை எல்லாம் உள்ள இடம். பட்டாசுக் கழிவில் பேரியம் முதலான ரசாயனங்கள் இருப்பதால் இந்த ஏற்பாடு. இரண்டு மூன்று நாளில் நூறு டன்னுக்கு மேல் இப்படிப் போகிறது. இருநூறு வார்டுகளிலும் சேர்த்து.

யோசித்துப் பாருங்கள். வீட்டு வாசலில் கிடக்கும் அபாயக் கழிவு, தூய்மைப் பணியாளர் கை வழியாக, தனி வண்டியில், உரிய நிலையத்துக்குப் போகிறது. சட்டம் கேட்பது முழுக்க அங்கே நடக்கிறது. ஆள் இருக்கிறார்கள், வண்டி இருக்கிறது, போய்ச் சேரும் இடம் இருக்கிறது, கணக்கெழுதும் பதிவேடும் இருக்கிறது. வருடத்தில் மூன்று நாள் திறக்கும் அந்தப் பாதையை மாதத்தில் ஒரு நாள் திறந்தால் போதும். நம்மைப் போன்ற ஊரில் டியூப் லைட்டும் செல்லும் சேர்ந்தாலும் எடை அந்த நூறு டன் பக்கத்தில்கூட வராது.

2020-ஐ மறந்துவிடாதீர்கள். கொரோனா வந்து வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டவர்களின் குப்பையைத் தனியாக மஞ்சள் பையில் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாருக்கும் முன் அனுபவம் இல்லை. கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற, மருத்துவக் கழிவு வண்டிக்கு அந்தப் பைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்த முன்வரிசையில் இருப்பவர்கள்தான். உயிர் பயத்தின் நடுவே ஒரு சில வாரத்தில் ஏற்படுத்திய முறையை, அமைதிக் காலத்தில் ஏற்படுத்த முடியாது என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

மாத்திரை மருந்து விஷயத்தில் நமக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. இத்தனை ஊசிகளும் அட்டைகளும் வீட்டுக்குள் போகின்றன. கொண்டுவந்து தர ஒரு கை இருக்கிறது, திரும்ப எடுத்துப்போக ஒரு கை இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். பயன்படுத்திய ஊசியைப் போட, குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டி வைத்திருப்பார்கள். அதை எடுத்துப்போக மருத்துவக் கழிவு வண்டி வழக்கமாக வருகிறது. சாலையின் ஒரு பக்கத்தில் அந்த வண்டி நிற்கிறது, மறுபக்கத்து வீட்டில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊசியை எங்கே போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு சாலைதான். அதைக் கடக்க ஓர் உத்தரவு போதும்: வீட்டு ஊசியைக் கெட்டியான டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தால் சுகாதார நிலையம் வாங்கிக்கொள்ளும் என்று.

காலாவதி மருந்தைக் கேரளத்தில் எப்படி எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் முன்னோட்டமாக ‘என்ப்ரவுட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் மிஞ்சிய மருந்தை நீலப் பெட்டியில் போடலாம். வீட்டுக்கே வந்து வாங்கும் ஏற்பாட்டில், அங்கே வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவின் பெண்களும் இருக்கிறார்கள். சேர்த்ததை எரிப்பு ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாநகராட்சி, ஒரு கிராம ஊராட்சி என்று இரண்டு அளவிலும் செய்து பார்த்தது எனக்குப் பிடித்த விஷயம். பெரிய ஊரில்தான் முடியும் என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுவிட்டது.

மருந்தைக் குப்பையில் போடுவதில் நாம் யோசிக்காத ஆபத்து இன்னொன்றும் உண்டு. 2010-இல் சென்னையில் காலாவதியான மருந்துகளுக்குப் புதுத் தேதி ஒட்டி விற்ற கும்பல் பிடிபட்டது நினைவிருக்கும். அழிந்திருக்க வேண்டிய மருந்து கடைக்குத் திரும்பி வந்தது. அதனால் அட்டையோடு முழுசாக எந்த மாத்திரையையும் வீசாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள். ஆன்டிபயாட்டிக் தண்ணீரில் கலந்தால் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். ஃபென்டனில், டிரமடால் மாதிரி 17 மருந்துகளை மட்டும், தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றச் சொல்லி மத்திய மருந்துத் தர அமைப்பு 2025-இல் வழிகாட்டியது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு அது பொருந்தாது.

பெயின்ட், தின்னர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தேவையான அளவு வாங்குங்கள், மிஞ்சினால் கோயில் கம்பிக் கேட்டுக்கோ பள்ளிக்கூட பெஞ்சுக்கோ கொடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கழிப்பறையில் மூச்சை அடைத்துவிடும். வயல் வைத்திருப்பவர்கள் பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அதற்கு அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எந்த நிறமானாலும் காலி டப்பாவைக் கழுவி வீட்டில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கக் கூடாது. வாய்க்காலில் கழுவவும் கூடாது.

பட்டன் செல்லைப் பற்றி இங்கே இருக்கும் தாய்மார்களிடம் தனியாகச் சொல்கிறேன். விளையாட்டுப் பொம்மையிலும் கைக்கடிகாரத்திலும் எடை பார்க்கும் மெஷினிலும் இருக்கும் அந்தக் காசு மாதிரிப் பொருளைக் குழந்தை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கிய இரண்டே மணி நேரத்தில் தசையை அரித்துவிடும். தீர்ந்துபோன செல்லிலும் அதற்கான மின்சாரம் மிச்சம் இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். தீர்ந்த செல்லை மேசையில் வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி உயரத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

மையம் வரும்வரை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள், அதற்கும் சொல்கிறேன். ஊசியைக் காலியான ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியான பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே பெரிய எழுத்தில் ‘ஊசி’ என்று தமிழில் எழுதுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடோ மண்ணோடோ கலந்து ஒரு கவரில் கட்டுங்கள். மருந்துப் பெயர், தேதி உள்ள அட்டையைக் கத்தரித்துப் போடுங்கள். டியூப் லைட்டை அது வந்த அட்டைக் கூட்டிலேயே வையுங்கள், கூடு இல்லையென்றால் செய்தித்தாளைச் சுற்றுங்கள். உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அறையை விட்டு விலகி இருங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூள் பறக்கும். அட்டைத் துண்டால் வாரி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். இவற்றை வண்டியில் கொடுக்கும்போது கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். “அக்கா, இதுல ஊசி இருக்கு” என்ற ஒரு சொல் போதும்.

வெளியே மேசையில் ஒரு மனு இருக்கிறது. நகராட்சி ஆணையருக்கு எழுதியது, நம் வார்டு உறுப்பினர் மூலமாகக் கொடுக்கப் போகிறோம். அதில் மூன்றே கோரிக்கைகள். மாதத்தின் ஒரு சனிக்கிழமை, இந்த நூலகத்தின் வாசலிலேயே, காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை அபாயக் கழிவு வாங்கும் ஒரு வண்டி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டு ஊசிக்கு ஒரு பெட்டி. தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும், துளைக்காத கையுறையும். போகிக்கு முன்னதாக முதல் வண்டி வர வேண்டும் என்று தேதியும் போட்டிருக்கிறோம். பழைய பொருளை வெளியேற்றுவது நம் வழக்கம், எரிக்காமல் ஒப்படைக்கச் சொல்லி மாநகராட்சிகளே இப்போது கேட்கின்றன, அந்த நாளே நமக்குப் பொருத்தம். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெறும் கையெழுத்து வேண்டாம், பக்கத்திலேயே உங்கள் வீட்டில் எத்தனை டியூப் லைட் நிற்கிறது என்று எண்ணிக்கையும் எழுதுங்கள். ஒரு வண்டி போதுமா இரண்டு வேண்டுமா என்று அதிகாரிகளுக்கு அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

நான் ஒப்புக்கொண்ட நேரம் முடிந்துவிட்டது. முதல் வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும் அம்மா இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரின் தெருக்களைச் சுத்தம் செய்கிறவர். போன வாரம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பையை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். அதை அவர் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும். வாங்கம்மா, மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கித் தருகிறேன்.